மின்சுற்றுப் பாடமும் ஆய்வகச் சாவியும்

ஏழாம் வகுப்பு அறிவியலில் மின்னோட்டவியல் பாடத்தை ஆண்டுதோறும் நடத்துகிறேன். பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பாதையில் இணைக்கும் தொடரிணைப்பில் ஒரு பல்பைக் கழற்றினால் மற்றதும் ஏன் அணைந்துவிடுகிறது, ஒவ்வொன்றுக்கும் தனிப்பாதை இருக்கும் பக்க இணைப்பில் ஏன் அணைவதில்லை? பாடத்தின் உயிரே இந்தக் கேள்விதான். இதைப் புரியவைக்க நான்கு வழிகளைக் கையாண்டு பார்த்திருக்கிறேன். அதே காலத்தில் மூன்று தலைமையாசிரியர்களின் கீழ் வேலை செய்துமிருக்கிறேன். புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியர்கள் எந்தச் செயலி நல்லது என்று கேட்கிறார்கள். செயலியைப் பற்றி மட்டும் சொன்னால் அது பாதிப் பதிலாகத்தான் இருக்கும். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் பாடநூலில் இருக்கும் கியூஆர் கோடு. தமிழ்நாட்டில் புதிய பாடத்திட்டம் 2018இல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்கு வந்தது. ஏழாம் வகுப்புக்கு 2019இல் வந்தது. கட்டத்தை ஸ்கேன் செய்தால் திக்‌ஷா என்ற அரசின் இணையக் கல்வித் தளத்தில் அந்தப் பாடத்துக்குரிய காணொளி திறக்கும். தேடி அலைய வேண்டாம், பாடத்திட்டத்தை விட்டு விலகிய ஒன்றைக் காட்டிவிட்டோமோ என்ற கவலையும் வேண்டாம். ஆனால் இதைப் பிள்ளைகளுக்கான வழி என்று நான் நினைக்கவில்லை. என் வகுப்பில் பெரும்பாலான வீடுகளில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன்தான் உண்டு. அது அப்பாவின் சட்டைப்பையில் வேலைக்குப் போய்விட்டு இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்பும். அதற்குள் அன்றைய டேட்டாவும் தீர்ந்திருக்கும். ஆசிரியருக்கோ இது அருமையான கருவி. காணொளியை வீட்டிலேயே தரவிறக்கி வைத்துக்கொண்டால் வகுப்பில் இணையம் இல்லாமலே ஓடும். நான் அப்படித்தான் பயன்படுத்துகிறேன்.

இரண்டாவது கல்வித் தொலைக்காட்சி. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. அதன் அருமை அடுத்த ஆண்டுதான் தெரிந்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, ஏழாம் வகுப்புக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மறுபடி திறந்தது. போன் இல்லாத வீட்டிலும் டிவி இருந்தது. அந்த மாதங்களில் பல பிள்ளைகளைப் பாடத்தோடு ஒட்டவைத்திருந்தது அந்த ஒரு அலைவரிசை என்பதை நன்றியோடு சொல்வேன். பள்ளி திறந்த வாரம் ஒரு மாணவி தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். கடைசிப் பக்கம் முழுக்க, டிவி பார்த்தபோது எழுந்த கேள்விகளைப் பென்சிலால் வரிசையாக எழுதி வைத்திருந்தாள். ஒரு கேள்வி இன்றும் என் நினைவில் அப்படியே இருக்கிறது: "பல்பு ஃபியூஸ் ஆனால் அதற்குள் வந்த மின்சாரம் எங்கே போகும்?"

தொலைக்காட்சியைப் பார்த்துக் கை தூக்க முடியாது. ஒளிபரப்பின் எல்லை அது. அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கேள்வி பிறந்த நேரத்தில் பதில் சொல்ல ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

மூன்றாவது மணற்கேணி செயலி. மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் 2023இல் கொண்டுவந்தது. 'தொட்டனைத் தூறும்' என்று தொடங்கும் 396ஆம் குறளிலிருந்து வந்த பெயர். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரைக்குமான பாடங்கள் அசைவூட்டப் படங்களாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன. ஆங்கில வழிப் பிரிவையும் தமிழ் வழிப் பிரிவையும் ஒரே ஆசிரியர் பார்க்கும் பள்ளிகளில் இது பெரிய வசதி. தேர்வுக்கு முந்தைய திருப்புதலுக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். முதல் முறை கற்பிக்கும்போது இதில் தொடங்க மாட்டேன். படம் அழகாக ஓடிக்கொண்டிருக்கும்போது பிள்ளைகள் கேள்வி கேட்பதில்லை, ரசிக்கிறார்கள்.

நான்காவதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய 'ஃபெட்' (PhET) என்ற திட்டம். அறிவியல் சோதனைகளைக் கணினித் திரையில் நாமே செய்துபார்க்கும் பாவனை ஆய்வுகளை இலவசமாகத் தருகிறது. ஒரு கோப்பைத் தரவிறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோனால் போதும், இணையம் தேவையில்லை. மின்சுற்று ஆய்வில் மின்கலம், கம்பி, பல்பு, சுவிட்ச் எல்லாம் ஓரத்தில் இருக்கும். இழுத்துவந்து இணைத்தால் பல்பு எரியும், எலக்ட்ரான்கள் நீலப் புள்ளிகளாகக் கம்பிக்குள் நகரும். மின்கலத்தின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்துவிட்டால் மின்கலம் தீப்பற்றி எரிவது போலக் காட்டும். குறுக்குச் சுற்று என்றால் என்ன என்று நான் பத்து நிமிடம் விளக்கியதைவிட அந்தத் தீ இரண்டு நொடியில் அதிகம் விளக்கியது. தப்புச் செய்துபார்க்க இடம் கொடுக்கிறதே, அதுதான் காணொளிகளிடம் இல்லாத குணம்.

ஆனாலும் உண்மையான மின்கலத்தையும் டார்ச் பல்பையும் நான் கைவிடவில்லை. திரையில் இணைப்பு ஒருபோதும் தளர்வதில்லை. மேசையில் தளரும். கம்பியின் நுனியைச் சுரண்டாமல் விட்டால் பல்பு எரியாது. ஏன் எரியவில்லை என்று தேடுகிற ஐந்து நிமிடம் எனக்கு முக்கியம். திரையில் பார்த்துவிட்டு மேசைக்கு வருவது, இல்லாவிட்டால் மேசையில் குழம்பிவிட்டுத் திரைக்குப் போவது, இரண்டும் நன்றாகவே பலன் தருகின்றன.

நான்கில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் தயங்காமல் நான்காவதை எடுப்பேன். ஆனால் அதற்கு ஒரு கணினியாவது பிள்ளைகளின் கைக்கு வரவேண்டும். எங்கள் பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் பத்துக் கணினிகள் உண்டு. அந்தக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் என் அனுபவத்தில் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

முதல் தலைமையாசிரியர் அதைத் தன் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தார். ஏழாம் வகுப்பை அழைத்துப்போகக் கேட்டபோது, "மவுஸ் உடைந்தால் யார் பதில் சொல்வது டீச்சர்?" என்றார். அவரை வில்லனாக்க நான் விரும்பவில்லை. கணினிகள் இருப்புப் பதிவேட்டில் அவர் பெயரில் இருக்கின்றன, தணிக்கையில் நிற்க வேண்டியவர் அவர்தான். பொறுப்பை மட்டும் கொடுத்துவிட்டுப் பழுதுபார்க்கக் கையில் பணம் கொடுக்காவிட்டால் யாரும் பூட்டத்தான் செய்வார்கள். ஆனால் அந்தப் பூட்டுக்குப் பின்னால் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் மவுஸைத் தொடாமலே பத்தாம் வகுப்பைக் கடந்து போனார்கள்.

அடுத்து வந்தவர் தொழில்நுட்பத்தில் மிகுந்த ஆர்வம் கொண்டவர். ஆய்வகம் தினமும் திறந்தது. ஆனால் ஒவ்வொரு பாடவேளையையும் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும், எண்ணிக்கையை மாலைக்குள் அனுப்ப வேண்டும். பிள்ளைகள் சுற்றை இணைத்துக்கொண்டிருக்கும்போது "எல்லாரும் இந்தப் பக்கம் திரும்புங்கள்" என்று சொல்லவேண்டி வந்தது. நாற்பது நிமிடப் பாடவேளையில் பத்து நிமிடம் இதற்கே போய்விடும். பூட்டிய கதவு என்னை வருத்தியது. இந்தத் திறந்த கதவு களைப்படையச் செய்தது. எனக்கு இரண்டும் ஒரே அளவு இழப்புதான், இதைச் சொல்லும்போது சக ஆசிரியர்கள் சிலர் ஒப்புக்கொள்வதில்லை.

மூன்றாவதாக வந்த அம்மா முதல் வாரமே ஆசிரியர் அறையில் ஓர் ஆணி அடித்துச் சாவியை மாட்டினார். அதன் கீழே நாற்பது பக்க நோட்டு ஒன்று: எடுத்தவர், வகுப்பு, நேரம், பழுது. கால அட்டவணையில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு வகுப்புக்கும் வாரம் ஒரு பாடவேளை ஆய்வகத்துக்கு ஒதுக்கினார். இரண்டாம் மாதத்திலேயே மவுஸ் ஒன்று உடைந்தது. நோட்டில் எழுதினோம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அவர் அதை வாசித்தார், ஒரு பெற்றோர் புதிதாக வாங்கித் தந்தார். முதல் தலைமையாசிரியர் பயந்தது நடந்தது, ஒன்றும் ஆகவில்லை. இவர் சில நாட்கள் என் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்காருவார். குறிப்பெடுக்க மாட்டார். ஒருமுறை ஒரு பையனிடம் கேட்டு, தானே பக்க இணைப்பில் மூன்று பல்புகளை இணைத்துப் பார்த்தார்.

புத்தம் புதிய ஸ்மார்ட் போர்டும் இரண்டாமவரும் ஒரு பக்கம், பழைய கணினிகளும் இந்த அம்மாவும் மறுபக்கம் என்றால் எந்தப் பள்ளிக்கு மாறுதல் கேட்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நோட்டில் கேள்வி எழுதி வந்த மாணவி அப்போது ஒன்பதாம் வகுப்புக்குப் போயிருந்தாள். ஏழாம் வகுப்பின் ஆய்வகப் பாடவேளை ஒன்றுக்கு அவளையும் அழைத்தேன். ஒரு பல்பு, ஒரு மின்கலம், நீலப் புள்ளிகள் ஓடும் சுற்று. கத்தரிக்கோல் படத்தைச் சொடுக்கிக் கம்பியைப் பிரித்தாள். பல்பின் பக்கம், மின்கலத்தின் பக்கம், எங்கேயும் ஒரு புள்ளிகூட நகராமல் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன.

"எங்கேயும் போகவில்லையா டீச்சர்? இருந்த இடத்திலேயே நின்றுவிடுகிறதா?" என்றாள். பிறகு இணைப்பைச் சரிசெய்துவிட்டு, மின்கலத்துக்குப் பக்கத்தில் பிரித்தாலும் அப்படித்தான் நிற்குமா என்று கேட்டுக்கொண்டே மவுஸை அங்கே நகர்த்தினாள்.