பிட்கெய்ர்ன், டிரிஸ்டன் டா குன்யா: எதில் பிழைப்பு கெட்டி?

இரண்டும் பிரிட்டனின் ஆட்சியில் உள்ள தீவுகள், இரண்டிலும் விமான நிலையம் கிடையாது. ஒற்றுமை கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

பசிபிக்கில் உள்ள பிட்கெய்ர்னின் பரப்பு 5 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. பவுண்டி என்ற பிரிட்டிஷ் கப்பலில் கலகம் செய்த மாலுமிகளும் அவர்களோடு வந்த தாஹிட்டி மக்களும் 1790-இல் குடியேறிய இடம். இன்று ஐம்பது பேர் இருந்தால் அதிகம். தேன், மரச்சிற்பம், தபால் தலை விற்கிறார்கள். ஆனாலும் பிரிட்டன் பணம் தராவிட்டால் நிர்வாகம் ஓடாது.

தென் அட்லாண்டிக்கின் டிரிஸ்டனில் ஏறக்குறைய 240 பேர். கேப் டவுனிலிருந்து கப்பலில் சுமார் 2,800 கிலோமீட்டர், ஒரு வாரப் பயணம். 1961-இல் எரிமலை வெடித்தபோது ஊரையே காலி செய்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வேலை, கடை, பஸ் எல்லாம் இருந்தும் 1963-இல் பெரும்பாலோர் திரும்பி வந்துவிட்டார்கள்! நிலம் ஊருக்குப் பொது, தனியாருக்கு விற்க முடியாது. வீட்டுக்கு வீடு உருளைக்கிழங்குத் தோட்டம் உண்டு. அப்புறம் சிங்கி இறால்: ஏற்றுமதி வருமானத்துக்கு அதுதான் முதுகெலும்பு.

அதனால் என் ஓட்டு டிரிஸ்டனுக்கு. பார்க்க மட்டும் என்றால் பிட்கெய்ர்ன், குளிராவது குறைவு.