"குவாரண்டைன் முடிஞ்ச மீன்" என்று விற்றால் முதலில் கடைத் தண்ணீரை அளந்து பாருங்கள்

வேலூரில் ஒரு கடையில் வீட்டுக் கடல் மீன் தொட்டிக்கு ஒரு ப்ளூ டாங்க் மீனும் ஒரு ஜோடி க்ளவுன் மீனும் வாங்கியதில் நடந்தது இது. கடையின் பெயரை எழுதவில்லை. இதே முறையில் எந்த ஊரிலும் ஏமாற்றலாம் என்பதால் முறையை மட்டும் எழுதுகிறோம்.

"சென்னையிலேர்ந்து வந்து பதினஞ்சு நாள் ஆச்சு சார், குவாரண்டைன் முடிஞ்சிடுச்சு, நேரா தொட்டியிலயே விடலாம்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். (குவாரண்டைன் என்றால் புது மீனை நோய் இருக்கிறதா என்று தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பது.) கடையில் மூன்று மீனும் நன்றாக நீந்தின, தீனி எடுத்தன, உடம்பில் ஒரு புள்ளி கிடையாது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் டாங்கின் துடுப்பிலும் முதுகிலும் ரவை ஒட்டினாற்போல வெள்ளைப் புள்ளிகள். போய்ச் சொன்னதும் ஒரு நீல மருந்து பாட்டிலைக் கொடுத்து, ஹீட்டரை 32 டிகிரிக்கு ஏற்றச் சொன்னார்கள். ஆறாம் நாள் புள்ளிகள் காணாமல் போயின. பதினான்காம் நாள் பல மடங்காகத் திரும்பின. பதினேழாம் நாள் டாங்க் செத்தது, இரண்டு நாள் கழித்து ஒரு க்ளவுன். பணம் கேட்டால், "உயிருள்ள சரக்குக்கு கேரண்டி கிடையாது சார்." பில்லும் தரவில்லை.

மீன் வந்த பையின் தண்ணீரை எடுத்து வைத்திருந்தோம், அதை அளந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. உப்பின் அடர்த்தியை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.017. செம்பை அளக்கும் காப்பர் செக்கரில் 0.1 பி.பி.எம். (லிட்டருக்கு 0.1 மி.கி.) அளவுக்குக் காப்பர், ஒட்டுண்ணிக்குப் போடும் செம்பு மருந்து. பவளம் வளர்க்கும் ரீஃப் தொட்டிகள் ஓடுவது 1.025-ல். உப்பை 1.017-ல் வைத்தால் கடைக்கு மூன்றில் ஒரு பங்கு உப்புச் செலவு மிச்சம். அதோடு சொட்டுக் காப்பரும் சேர்ந்தால் அந்த வெள்ளைப் புள்ளியை உண்டாக்கும் ஒட்டுண்ணி அடங்கிக் கிடக்கும், சாகாது. செலேட்டட் (வேறு பொருளோடு பிணைத்த) காப்பரில் சிகிச்சை அளவு 2 முதல் 2.5 பி.பி.எம்., குப்ராமின் போன்ற காப்பர் மருந்துகளில் 0.5. இந்த 0.1 எந்த வகையிலும் சிகிச்சை ஆகாது. நோயை விற்பனை நாள் வரைக்கும் மறைத்து வைக்க மட்டும் போதும். காப்பரே இல்லாத வீட்டுத் தொட்டிக்குள் மீன் வந்ததும் ஒட்டுண்ணி எழுந்துகொள்கிறது. போதாததற்கு, 1.017-லிருந்து 1.025-க்கு ஒரே மணி நேரத்தில் மாற்றியதும் மீனின் உடம்பை நேரடியாக அடித்திருக்கிறது. உப்பைக் குறைப்பதை மீன் தாங்கும். ஏற்றுவதை ஒரு நாளைக்கு 0.001, மிஞ்சினால் 0.002 என்று மெதுவாகச் செய்ய வேண்டும்.

நீல மருந்து வேலை செய்ததாகத் தோன்றியதற்குக் காரணம் அந்த ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுற்று. கடல் மீனின் ஒயிட் ஸ்பாட் கிரிப்டோகேரியான் என்னும் உயிரி. மீனின் தோலுக்கடியில் 3 முதல் 7 நாள் தின்றுவிட்டுத் தானாகவே கீழே விழும். மருந்து ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் புள்ளி மறையும். விழுந்தது மணலிலோ கல்லிலோ ஒட்டி, ஓடு கட்டி, உள்ளே நூற்றுக்கணக்கில் பெருகும். சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் ஓடு உடைந்து குஞ்சுகள் நீந்தி மீனைத் தேடும். காப்பர் கொல்வது இந்த நீந்தும் நிலையை மட்டும். அதனால்தான் சிகிச்சையை 30 நாள் இழுக்க வேண்டியிருக்கிறது. நடுவில் ஒரு நாள் அளவு இறங்கினாலும் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கோல்டு ஃபிஷ்ஷுக்கு விற்கும் மெத்திலீன் ப்ளூ வகை மருந்து இங்கே செய்யும் காரியம் ஒன்றுதான்: ஃபில்டரில் உள்ள நல்ல பாக்டீரியாவைக் கெடுத்து அமோனியாவை ஏற்றிவிடும். சூடு ஏற்றுவதும் நன்னீர் ஒயிட் ஸ்பாட்டுக்கான வைத்தியம். செவுளில் ஒட்டுண்ணி இருக்கும் மீனுக்குச் சூடு கூடினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மூச்சு முட்டும். நம் ஊரில் அக்னி நட்சத்திரத்தில் ஹீட்டரே இல்லாமல் தொட்டி 31, 32-க்குப் போய்விடுகிறது. அதைக் குறைக்க ஃபேன் வைக்க வேண்டிய இடத்தில் ஏற்றச் சொன்னவரை என்ன சொல்வது!

எல்லா வெள்ளையும் ஒயிட் ஸ்பாட் இல்லை. எண்ணக்கூடிய ரவைப் புள்ளியாக இருந்தால் அதுதான். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்க்கும்போது உடம்பெல்லாம் விபூதி தூவினாற்போல மெல்லிய பொடி தெரிந்தால், மீன் பவர்ஹெட் (தண்ணீரைத் தள்ளும் மோட்டார்) ஓட்டத்துக்கு நேரே நின்று மூச்சு வாங்கினால், வெளிச்சத்துக்கு ஒதுங்கினால், அது வெல்வெட் என்னும் வேறொரு ஒட்டுண்ணி நோய். பல சமயம் பொடி தெரியும் முன்பே செவுளைத் தின்று 2 நாளில் கொன்றுவிடும். அதற்குக் காப்பரை நாலைந்து நாள் மெதுவாக ஏற்றிக்கொண்டிருக்க நேரமில்லை, ஓரிரு நாளில் முழு அளவுக்கு வர வேண்டும். க்ளவுன் மீன் தோல் உரிந்தாற்போலக் கொழகொழவென்று சளி விட்டால் அது ப்ரூக்ளினெல்லா என்னும் இன்னொரு ஒட்டுண்ணி. காப்பர் அதைத் தொடவே தொடாது. 37 சதவீத ஃபார்மலின் 10 லிட்டருக்கு 1.5 முதல் 2 மி.லி., நல்ல காற்றோட்டத்துடன் 45 நிமிடம் தனி வாளியில் முக்கி எடுத்து, புதிய தொட்டியில் விட வேண்டும். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், ஃபார்மலின் மனிதருக்கும் விஷம். (தொட்டியிலேயே பிறந்த க்ளவுன் கிடைத்தால் கடலில் பிடித்ததை வாங்காதீர்கள், இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.)

இனி வாங்கும்போது: காசு கொடுக்கும் முன் கடைத் தொட்டித் தண்ணீரை உங்கள் ரிஃப்ராக்டோமீட்டரில் அளக்கக் கேளுங்கள். கருவியை 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசலில் சரிபார்த்து எடுத்துப் போங்கள். அளக்க விடாத கடையில் மீன் வாங்க வேண்டாம். காப்பர் எது, எத்தனை பி.பி.எம்., எத்தனை நாள் என்று கேளுங்கள். "மருந்து போட்டிருக்கோம்" என்பது பதில் இல்லை. குவாரண்டைன் முடிந்தது என்று சொன்னால் அதையே பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத்தில் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் பேச முடியும், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் சொல்லலாம்.

எழுதிக் கொடுத்தாலும் வீட்டில் தனித் தொட்டி கட்டாயம். டாங்க் மீனுக்கு 3 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், அதே உயரம். சுமார் 120 லிட்டர் பிடிக்கும். மணலும் லைவ் ராக்கும் (உயிரிகள் குடியிருக்கும் கடல் கல்) போடாதீர்கள், காப்பரை உறிஞ்சிவிடும். ஒளிந்துகொள்ள பி.வி.சி. குழாய்த் துண்டுகள், பழைய தொட்டியில் ஊறிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் ஸ்டோன் போதும். போர் தண்ணீர் வேண்டாம், ஆர்.ஓ. தண்ணீரில் உப்பைக் கரைத்து, முதல் நாள் கடையின் உப்பு அளவுக்கே வைத்து மீனை விடுங்கள். பிறகு மேலே சொன்ன சிகிச்சை அளவுக்குக் காப்பரை ஏற்றி 30 நாள் ஓட்டும்போது, தண்ணீர் மாற்றினால் புதுத் தண்ணீரிலும் அதே அளவு காப்பர் கலந்திருக்க வேண்டும், பலருக்கும் அளவு இறங்குவது இந்த இடத்தில்தான். குப்ராமின் ஓடும் தொட்டியில் அமோனியாவைக் கட்டும் கண்டிஷனரை ஊற்றாதீர்கள், காப்பர் கொடும் விஷமாக மாறும்.

பெரிய தொட்டியில் நோய் ஏற்கெனவே புகுந்துவிட்டால் அதில் காப்பர் ஊற்றுவது முடியாத காரியம், இறால், நத்தை, பவளம் எல்லாம் போய்விடும். மீன்கள் அத்தனையையும் தனித் தொட்டிக்கு மாற்றிச் சிகிச்சை கொடுத்து, பெரிய தொட்டியை 76 நாள் மீன் இல்லாமல் ஓட்ட வேண்டும். இறாலும் நத்தையும் உள்ளேயே இருக்கலாம். இரண்டு தொட்டிக்கும் வலை, வாளி, சைஃபன் குழாய் தனித்தனியாக வையுங்கள். ஒன்றில் நனைந்த கையைக் கழுவித் துடைக்காமல் மற்றதில் விட்டால் அந்த 76 நாளும் வீண்.