இரட்டைக்கொம்பு தெரிகிற திரை

2001ஆம் ஆண்டு நான் பக்கம் கட்டிய ஒரு சிறுகதைத் தொகுப்பில், 'ஏன் வரவில்லை என்று கேட்டான்' என்று வரவேண்டிய இடத்தில் 'என்று கெட்டான்' என்று அச்சாகிவிட்டது. அவசரம் காரணமாகக் கடைசித் திருத்தங்களைத் தாளில் எடுக்காமல் திரையிலேயே பார்த்து அனுப்பியிருந்தேன். ஆயிரத்து இருநூறு பிரதிகள். எழுத்தாளர் கோபப்படவில்லை, அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். அது இன்னும் என்னை உறுத்துகிறது.

ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் உள்ள வேறுபாடு மேலே ஒரு சின்னச் சுழி. என்னிடம் அப்போது இருந்த மானிட்டரில் அந்தச் சுழிக்கு இடமே இல்லை. இருபத்தைந்து ஆண்டுகளாகத் திரைகளின் விலை இறங்கி வந்ததை நான் பார்த்தது அந்தச் சுழி வழியாகத்தான். அதனால் இந்த அனுபவப் பகிர்வில் விளையாட்டும் திரைப்படமும் வராது. எழுத்து வாசிப்பவனின் கணக்கு இது.

1999இல் வாங்கியது 15 அங்குலப் படக்குழாய் மானிட்டர். விலை 9,200 ரூபாய். பெயர்தான் 15 அங்குலம், கண்ணுக்குத் தெரியும் பரப்பு 13.8 அங்குலம். 800×600 பிக்சலில் வைத்திருந்தேன். அதாவது அங்குலத்துக்கு 72 பிக்சல். பத்துப் புள்ளி (பாயிண்ட், 72 புள்ளி ஓர் அங்குலம்) அளவுள்ள எழுத்தைப் பெரிதாக்காமல் உள்ளபடியே பார்த்தால் அதன் உயரம் மொத்தமே பத்துப் பிக்சல்தான். அந்தப் பத்துக்குள் மெய்யெழுத்தின் புள்ளியும், 'கீ'யின் சுழியும், 'ஞ'வின் வளைவுகளும் அடங்கியாக வேண்டும். அடங்காது. இருநூறு விழுக்காடு பெரிதாக்கினால் எழுத்து தெரியும், பக்கம் தெரியாது. ஆகவே ஒவ்வொரு புத்தகத்துக்கும் மூன்று முறை லேசர் அச்சில் மெய்ப்பு எடுப்போம். தாள் செலவு பதிப்பாளர் தலையில் விழும்.

அந்த மானிட்டரைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். கறுப்பு உண்மையான கறுப்பாக இருந்தது. நொடிக்கு எத்தனை முறை படம் வரையப்படுகிறது என்ற புதுப்பிப்பு வேகத்தை 60 ஹெர்ட்ஸிலிருந்து 85க்கு மாற்றியதும் மாலையில் வரும் தலைவலி நின்றது. இன்றும் அது அப்படியே நினைவிருக்கிறது. எடை பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது. மே மாதத்தில் திருவல்லிக்கேணி மாடியறையில் அதன் முன்னால் உட்கார்ந்தால் முகத்தில் சூடு அடிக்கும்.

அப்போது ஒரு பக்கம் தட்டச்சிட்டு வடிவமைக்க எனக்குப் பன்னிரண்டு ரூபாய் கிடைத்தது. அந்த மானிட்டரின் விலை எனக்கு ஏறத்தாழ 770 பக்க உழைப்பு. நான் விலையை இப்படித்தான் கணக்கிடுகிறேன். பணத்தின் மதிப்பு மாறிக்கொண்டே இருக்கும்போது ரூபாயை மட்டும் வைத்து ஒப்பிடுவது ஏமாற்றிவிடும்.

2006இல் 17 அங்குல எல்சிடி தட்டைத் திரை, சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில், 11,500 ரூபாய். 1280×1024, அங்குலத்துக்கு 96 பிக்சல். எழுத்தின் விளிம்புகள் நேராக நின்றன. எழுத்தின் விளிம்பைச் சீராக்கும் விண்டோஸின் கிளியர்டைப் வசதியை இயக்கியதும் ஒரு படி இன்னும் தெளிந்தது. எல்சிடி விலை தரைக்கு வந்துவிட்டது என்று கடைக்காரர் சொன்னார், நானும் நம்பினேன். உண்மை பின்னால்தான் தெரிந்தது. 2001 முதல் 2006 வரை மானிட்டருக்குள் இருக்கும் திரைத் தகடான பேனலைச் செய்யும் தென்கொரிய, தைவான் நிறுவனங்களின் அதிகாரிகள் தைபேயின் ஓட்டல்களில் மாதந்தோறும் கூடி விலையைப் பேசி வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டங்களுக்குப் 'படிகக் கூட்டங்கள்' என்று பெயர். ஐரோப்பிய ஆணையம் 2010 டிசம்பரில் சுமார் 65 கோடி யூரோ அபராதம் விதித்தது. அமெரிக்க நீதிமன்றம் 2012இல் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் 50 கோடி டாலர் விதித்தது. விலை தானாக இறங்குகிறது என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்வேன். விற்பவர்கள் இறங்க விடவில்லையென்றால் அது இறங்காது.

அந்த எல்சிடி மூன்றாம் ஆண்டு முடிவில் படுத்தது. பொத்தானை அழுத்தினால் இரண்டு நொடி படம் வரும், பிறகு இருட்டு. டார்ச் விளக்கைச் சாய்வாக அடித்துப் பார்த்தேன். கறுப்புத் திரைக்குள் என் பக்கம் அப்படியே இருந்தது, எழுத்துகள் மங்கலாக நின்றன. படம் சாகவில்லை, அதற்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பின்னொளி மட்டும் போயிருக்கிறது. பழுது பார்ப்பவர் பின்மூடியைக் கழற்றி மின்பலகையைக் காட்டினார்: நான்கு கெபாசிட்டர்களின் தலை உப்பி, ஒன்றில் பழுப்பு நிறக் கசிவு. 350 ரூபாயில் மாற்றிக் கொடுத்தார். அதன் பிறகு ஐந்து ஆண்டு ஓடியது. புதிது வாங்கும் முன் எவரும் இதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பேன். குப்பைக்குப் போன எத்தனையோ மானிட்டர்களுக்குத் தேவைப்பட்டது சில பத்து ரூபாய்ப் பொருள்தான்.

2011இல் இரண்டாவது திரை: 18.5 அங்குல எல்இடி, 6,100 ரூபாய். ஐந்து ஆண்டில் விலை கிட்டத்தட்ட பாதி. அதற்குள் கூடியிருந்த என் பக்கக் கூலியில் 277 பக்கங்கள். பாதரசம் கொண்ட பின்னொளிக் குழல் போய், நீல எல்இடி அடிப்படையிலான வெள்ளை விளக்கு வந்திருந்தது. நீல எல்இடிக்காக அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தபோது, என் மேசையில் எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்து நன்றியோடு நினைத்தேன். 2012இல் சென்னையில் தினமும் இரண்டு மணி நேரம் மின்வெட்டு. படக்குழாய் மானிட்டரோடு பத்து நிமிடத்தில் கூச்சலிட்ட யுபிஎஸ், இந்தத் திரையோடு இருபது நிமிடம் தாங்கியது. செய்த வேலையைச் சேமித்து, அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு அணைக்க அது போதும்.

ஆனால் எழுத்து? 1366×768. அங்குலத்துக்கு 85 பிக்சல். 2006இல் வாங்கியதைவிடக் குறைவு! செங்குத்தாக 1024 வரிசைகள் இருந்த இடத்தில் இப்போது 768. பாதி விலைக்குக் கால்வாசிப் பக்கத்தைப் பறிகொடுத்தேன். இதற்குக் காரணம் தொலைக்காட்சி. பெரிய கண்ணாடித் தகட்டில் மெல்லிய டிரான்சிஸ்டர்களைப் பதித்து, பிறகு துண்டுபோட்டுத்தான் பேனல் செய்கிறார்கள். ஒரே துணியில் எத்தனை சட்டை வெட்டலாம் என்று தையற்காரர் பார்ப்பதைப் போன்ற கணக்கு அது. 8.5ஆம் தலைமுறை ஆலையின் தகடு 2200×2500 மில்லிமீட்டர், 10.5ஆம் தலைமுறையில் 2940×3370. தகடு பெரிதாகப் பெரிதாக ஒவ்வொரு துண்டும் மலிவாகிறது. மானிட்டரும் தொலைக்காட்சியின் 16:9 வடிவத்துக்கே போனது. அகலப் படம் பார்ப்பவருக்கு லாபம். பக்கம் படிப்பவருக்கு அப்படி இல்லை.

2017 நவம்பரில் 21.5 அங்குல ஐபிஎஸ், 1920×1080, 8,900 ரூபாய். அங்குலத்துக்கு 102 பிக்சல். 20 அங்குலத்துக்கு மேல் என்பதால் 28 விழுக்காடு ஜிஎஸ்டி. 32 அங்குலம் வரை 18 ஆகக் குறைத்தது 2019 ஜனவரி முதல் நாளில்தான். ஐபிஎஸ் என்பதால் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. அட்டை வடிவமைப்பைப் பதிப்பாளர் அருகில் நின்று பார்க்கலாம். குறை தாங்கியில் இருந்தது. உயரம் கூடாது, திரும்பாது. அகராதிகளை அடுக்கி அதன்மேல் வைத்தேன். விலை எங்கிருந்து குறைகிறது என்பதற்கு அந்தத் தாங்கியே சாட்சி. பேனல் மட்டும் மலிவாகவில்லை. தாங்கி, ஒலிபெருக்கி, இணைப்புத் துளைகள் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருந்தார்கள்.

2021இல் மாற்ற நினைத்தபோது விலை ஏறியிருந்தது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் கூட்டம், திரையை இயக்கும் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு. காத்திருந்தேன். 2023இல் 27 அங்குல 4கே (3840×2160 பிக்சல்) ஐபிஎஸ், 24,000 ரூபாய். இப்போது பக்கத்துக்கு நாற்பது ரூபாய் வாங்குகிறேன், 600 பக்கங்கள். நான் இதுவரை வாங்கியதில் ரூபாயில் மிக அதிக விலை இதுதான். ஆயினும் முதல் மானிட்டரைவிட உழைப்பில் குறைவு.

அங்குலத்துக்கு 163 பிக்சல். அதே பத்துப் புள்ளி எழுத்துக்கு இப்போது உயரம் இருபத்திரண்டு பிக்சலுக்கு மேல். முதல் நாள் அந்தப் பழைய சிறுகதைத் தொகுப்பின் கோப்பைத் தேடியெடுத்துத் திறந்தேன், பெரிதாக்கவில்லை. 'கெட்டான்' என்ற சொல் பார்த்தவுடனே கண்ணில் குத்தியது.

இப்படி ஒரு திரை தொழில்நுட்பத்துக்கு எட்டாததாக இருக்கவில்லை. ஐபிஎம் 2001இலேயே 22.2 அங்குலத்தில் 3840×2400 பிக்சல் கொண்ட மானிட்டரை விற்றது. அங்குலத்துக்கு 204 பிக்சல். விலை இருபதாயிரம் டாலருக்கு மேல். நான் 'கெட்டான்' அச்சிட்ட அதே ஆண்டு. அது என்னைப் போன்றவன் மேசைக்கு வர இருபதாண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. அங்குலத்தின் விலை ஆண்டுதோறும் சரிந்தது. அடர்த்தியின் விலை மிக மெதுவாகத்தான் சரிந்தது. அங்குலத்தை மட்டும் கேட்டு வாங்கிய நாமும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டரை ஆண்டுப் பயன்பாட்டில் இந்தத் திரையில் ஒரு பிக்சல்கூடச் சாகவில்லை. திரையைச் செங்குத்தாகத் திருப்பினால் டெமி என்ற புத்தக அளவில் உள்ள பக்கம் உண்மை அளவைவிடப் பெரிதாக நிற்கிறது. மூன்று முறை எடுத்த தாள் மெய்ப்பு ஒருமுறையாகிவிட்டது. இருட்டறையில் மூலைகளில் ஒளி கசிகிறது. பக்க வேலைக்கு அது தடையில்லை. பின்னொளி இல்லாமல் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடி பக்கம் நான் போகவில்லை. நாள் முழுக்க ஒரே கருவிப்பட்டை நிற்கும் வேலையில் அதன் தடம் திரையில் பதிந்துவிடும் என்ற கவலை எனக்கு உண்டு.

எழுத்து வேலைக்கு வாங்கப் போகிறவர்கள் கடையில் ஓடும் அருவிக் காட்சிகளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கைப்பேசியில் ஒரு தமிழ்ப் பக்கத்தை எடுத்துச் சென்று, அந்தத் திரையில் திறக்கச் சொல்லுங்கள். பத்துப் புள்ளி அளவு. கை நீட்டும் தூரத்தில் உட்காருங்கள். 'பெறு', 'பேறு', 'ஒடு', 'ஓடு', 'கிழி', 'கீழ்'. இவற்றைக் கண்ணைச் சுருக்காமல் படிக்க முடிந்தால் விலையைக் கேளுங்கள்.