இடைக்கோடும் அடிக்கோடும்: டாக்கர் கம்போஸ் 2-க்கு ஆவணங்களை மாற்றிய நெடுநாள் அனுபவம்

பல கன்டெய்னர்களை (தனித்தனியாக அடைத்து ஓட்டும் புரோகிராம்களை) ஒரே ஃபைலை வைத்துச் சேர்த்து ஓட்டும் கருவி டாக்கர் கம்போஸ். அதன் கமாண்டை முன்பு ‘டாக்கர்-கம்போஸ்’ என்று இடைக்கோடு போட்டு அடித்தோம்; இப்போது ‘டாக்கர் கம்போஸ்’ என்று இடைவெளி விட்டு அடிக்கிறோம். பைத்தானில் எழுதிய முதல் பதிப்பு 1.29.2-ஓடு நின்றுபோனது. கோ மொழியில், டாக்கரின் பிளகினாக (துணைப் புரோகிராமாக) எழுதிய இரண்டாம் பதிப்பு 2022 ஏப்ரலில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. 2023 ஜூலையிலிருந்து பழையதற்கு அப்டேட்டே கிடையாது. பார்த்தால் ஒரே ஒரு எழுத்து வித்தியாசம்தான். ரன்புக் (அன்றாட வேலைகளின் படிமுறைக் குறிப்பு), இன்ஸ்டால் கையேடு, ரீட்மீ என்று வருடக்கணக்கில் சேர்ந்த ஆவணங்களில் அதை மாற்றிவிட்டு, தொடர்ந்து புழங்கிப் பார்த்தால்தான் எங்கெங்கே இடறுகிறது என்று தெரிகிறது.

முதல் இடறல் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் ‘ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்’. ‘டாக்கர்-கம்போஸ்.யம்ல்’ என்ற ஃபைல் பெயரிலும் அதே இடைக்கோடு இருக்கிறது; அது மாறவில்லை. ‘கம்போஸ்.யாம்ல்’ என்ற புதுப் பெயருக்குத்தான் முன்னுரிமை என்றாலும், பழைய பெயரையும் இரண்டாம் பதிப்பு படிக்கும். ‘டாக்கர்-கம்போஸ்-பிளகின்’ என்ற பேக்கேஜ் பெயரிலும் கை வைக்கக்கூடாது. சொல்லுக்குப் பின்னால் இடைவெளியோ வரி முடிவோ வரும் இடங்களை மட்டும் பிடிக்கும்படி தேடலை எழுதுங்கள். சிக்கியவற்றில் ‘ஆப்ட் இன்ஸ்டால்’ வரிகளையும், ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்’ என்ற பாதை வரும் வரிகளையும் ஒதுக்கி வைத்துக் கையால் திருத்துங்கள்.

ஸ்கிரிப்ட் மாதிரிகளில் இன்னொரு கண்ணி உண்டு. கமாண்டை ஒரு வேரியபிளில் வைத்து, அதை இரட்டை மேற்கோளுக்குள் அழைக்கும் பழக்கம் பலருக்கு. இடைக்கோடு இருந்தவரை அது ஒரே சொல், ஓடியது. இடைவெளி வந்ததும், ‘டாக்கர் கம்போஸ்’ என்ற முழுப் பெயரில் ஒரு புரோகிராமை ஷெல் தேடி, ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று கைவிரிக்கும். வேரியபிளுக்குப் பதில் ஒரு ஃபங்ஷனாக எழுதினால் தீர்ந்தது.

இன்ஸ்டால் பக்கத்தில் கட்டாயம் ஒரு வரி சேர்க்க வேண்டும்: முதலில் ‘டாக்கர் கம்போஸ் வெர்ஷன்’ அடித்துப் பாருங்கள். பிளகின் இல்லாத மெஷினில் ‘டாக்கர் கம்போஸ் அப் -டி’ அடித்தால், பிளகின் இல்லை என்று நேராகச் சொல்லாமல் ‘அன்நோன் ஷார்ட்ஹேண்ட் ஃபிளாக்’ என்று -டி மேல் பழி போடுகிறது. படிப்பவர் ஆவணத்தில் ஃபிளாக் தப்பு என்று நினைத்துக்கொள்வார். பயனரின் ஹோம் டைரக்டரியில் போட்ட பிளகின், ‘சூடோ’ போட்டு ஓட்டும்போது கண்ணில் படாமல் போவதற்கும் இதே எரர்தான்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது பெயர்கள். ‘ஷாப்’ என்ற புராஜெக்டில் ‘வெப்’ என்ற சர்வீஸுக்கு முதல் பதிப்பில் கன்டெய்னர் பெயர் ‘ஷாப்_வெப்_1’; இப்போது ‘ஷாப்-வெப்-1’. இமேஜ் பெயரிலும் இடைக்கோடு வந்துவிட்டது. ஆனால் நெட்வொர்க்கும் வால்யூமும் (டேட்டாவைச் சேமிக்கும் இடம்) பழையபடி அடிக்கோட்டிலேயே இருக்கின்றன: ‘ஷாப்_டிஃபால்ட்’, ‘ஷாப்_டிபிடேட்டா’. ‘இனி எல்லாமே இடைக்கோடு’ என்று ஒருவர் பேக்கப் பக்கத்தையும் சேர்த்துத் திருத்திவிட்டால் நடப்பது இது: ‘டாக்கர் ரன் -வி ஷாப்-டிபிடேட்டா:/டேட்டா’ என்று ஓடும், அந்தப் பெயரில் வால்யூம் இல்லை, டாக்கர் எதிர்ப்புச் சொல்லாமல் காலியாக ஒன்றை உருவாக்கிக் கொடுக்கும், டார் அந்தக் காலி டைரக்டரியைச் சுருட்டி ஃபைலாக்கிவிட்டு வெற்றி என்று பூஜ்ய எக்ஸிட் கோடு தரும். எரர் எதுவும் வராது. ரீஸ்டோர் செய்யும் நாளில்தான் விஷயம் வெளிச்சத்துக்கு வரும். அதனால் பேக்கப் வரிக்கு முன்னால் ‘டாக்கர் வால்யூம் இன்ஸ்பெக்ட்’ வரியைப் போட்டு, அது தோற்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும்படி எழுதுங்கள்.

கன்டெய்னர் பெயர்களுக்கு நிரந்தர வழி, அவற்றை ஆவணத்தில் எழுதாமல் விடுவதே. ‘டாக்கர் எக்ஸெக் ஷாப்_டிபி_1’ இருந்த இடத்தில் ‘டாக்கர் கம்போஸ் எக்ஸெக் டிபி’ என்று சர்வீஸ் பெயரைப் போட்டால் இரண்டு பதிப்பின் பெயரிடலுக்கும் அது பொருந்தும். டேட்டாபேஸ் டம்ப் எடுத்து ஃபைலுக்குத் திருப்பும் இடங்களிலும் கிரானிலும் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளிலும்) டெர்மினல் வேண்டாம் என்று சொல்லும் பெரிய எழுத்து -T சேர்க்க மறக்க வேண்டாம். பழைய பெயரை நம்பியிருக்கும் கண்காணிப்பு ஸ்கிரிப்டை உடனே மாற்ற முடியாதவர்களுக்கு ‘--கம்பாட்டிபிலிட்டி’ ஃபிளாக் இருக்கிறது. அது அடிக்கோட்டைத் திருப்பிக் கொடுக்கும். அதைத் தற்காலிகம் என்று ஆவணத்திலேயே குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது அப்படியே தங்கிவிடும்.

இரண்டாம் பதிப்புக்குள்ளேயும் மாற்றங்கள் ஓயவில்லை. கன்டெய்னர்களைப் பட்டியலிடும் ‘பிஎஸ் --ஃபார்மட் ஜேசன்’ முதலில் ஒரே அரேயாகத் தந்தது, 2.21-லிருந்து வரிக்கு ஒரு ஆப்ஜெக்டாகத் தருகிறது. அரேயைப் பிரிக்கும் ஜேக்யூ (ஜேசனைப் படிக்கும் கருவி) கமாண்ட் மாதிரி ஆவணத்தில் இருந்தால் அது உடையும். எந்தப் பதிப்பில் சோதித்தது என்பதைப் பக்கத்தின் தலையிலேயே எண்ணோடு எழுதுவது இதற்காகத்தான். மாதிரி ஃபைல்களின் முதல் வரியில் இருக்கும் ‘வெர்ஷன்: 3.8’ இப்போது வெறும் எச்சரிக்கையைத்தான் கிளப்புகிறது, எடுத்துவிடலாம்.

‘பழசு ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, எதற்குத் திருத்த வேண்டும்’ என்பவர்களுக்கு: பைத்தான் 3.12-ல் ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’ என்ற மாட்யூல் நீக்கப்பட்டதால், உபுண்டு 24.04-ல் சிஸ்டம் பைத்தானை நம்பி ஓடும் பழைய 1.29.2 கிளம்பும்போதே விழும். புதிய டாக்கர் என்ஜினோடு சேர்த்தால், கன்டெய்னரை மறுபடி உருவாக்கும்போது ‘கன்டெய்னர்கான்ஃபிக்’ என்று ஒரு கீ எரர் வரும். இந்த இரண்டு எரரையும் அவற்றின் முழு வாசகத்தோடு பழைய பக்கத்தில் விட்டு, புதிய பக்கத்துக்கு லிங்க் கொடுங்கள். மாட்டிக்கொண்டவர் தேடப்போவது அந்த வாசகத்தைத்தான்.

கைப்பழக்கம் விடாதவர்களுக்கு ஏலியஸ் (ஷெல்லில் வைக்கும் மாற்றுப் பெயர்) பரிந்துரைக்க வேண்டாம், ஸ்கிரிப்டுக்குள் அது வேலை செய்யாது. பழைய பெயரில் ஒரு சின்ன ஃபைல், அதற்குள் ‘எக்ஸெக் டாக்கர் கம்போஸ் "$@"’ என்று ஒரு வரி. அந்த மேற்கோள் குறிகளை விட்டுவிட்டால் இடைவெளி உள்ள ஆர்குமென்ட்கள் சிதறிவிடும்.