சாதா பெடலா, கிளிப்லெஸ் பெடலா? புதிதாக ரோடு பைக் ஓட்டுபவர்களுக்கு

ரோடு பைக் வாங்கிய சில நாளிலேயே யாராவது ஒருவர் "இன்னும் சாதா பெடல்தானா?" என்று கேட்டுவிடுவார். உடனே புதியவர் போய் பந்தய வீரர்கள் போடும் ஷூவையும் பெடலையும் வாங்கிவிடுவார், முதல் சிக்னலிலேயே காலைக் கழற்றத் தெரியாமல் சாய்ந்து விழுவார். இந்த வரிசையே தப்பு. முதல் சில மாதங்களுக்கு நல்ல தட்டைப் பெடல், அப்புறம் வேண்டுமென்றால் எஸ்பிடி (ஷூவின் அடியில் இரண்டு போல்ட்டால் தகடு பொருத்தும் கிளிப்லெஸ் பெடல்), அதுவும் பழகிய பிறகு மனசிருந்தால் தகட்டை மூன்று போல்ட்டால் பொருத்தும் பெடல். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று பார்ப்போம்.

கிளிப்லெஸ் என்றால், ஷூவின் அடியில் க்ளீட் என்ற சிறிய தகடு திருகப்பட்டிருக்கும், அது பெடலில் உள்ள ஸ்பிரிங்கில் டக்கென்று மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும். இதற்கு ஆதரவாக எல்லோரும் சொல்லும் காரணம், காலை மேலே இழுத்தும் சக்தி கொடுக்கலாம் என்பது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நிலையான வேகத்தில் ஓட்டும்போது அது உண்மையில்லை. வேண்டுமென்றே மேலே இழுத்து மிதிக்கச் சொல்லி ஆய்வகத்தில் அளந்து பார்த்ததில், அதே வேலைக்கு உடம்பு கூடுதல் ஆக்ஸிஜனைச் செலவழித்தது. வேலை நடப்பதெல்லாம் கால் கீழே போகும்போதுதான். மேலே வரும் காலின் எடை அடுத்த காலுக்குச் சுமையாகாமல் இருந்தால் அதுவே பெரிசு.

அப்படியானால் கிளிப்லெஸ்ஸால் பயனே இல்லையா? இருக்கிறது. நிமிடத்துக்கு நூறு சுற்றுக்கு மேல் வேகமாக மிதிக்கும்போதும், எழுந்து நின்று முழு பலத்தில் விரட்டும்போதும், மழையில் நனைந்த பெடலிலும் கால் வழுக்காது. ஒவ்வொரு முறையும் பாதம் அதே இடத்தில் உட்காரும். இவையெல்லாம் கொஞ்சம் வேகமும் தூரமும் கூடிய பிறகுதான் தேவைப்படும். புதியவர் முதலில் கற்க வேண்டியது வேறு: நேராகப் போவது, திரும்பிப் பார்த்தாலும் ஹேண்டில் ஆடாமல் இருப்பது, சரியான நேரத்தில் கியர் மாற்றுவது, இரண்டு பிரேக்கையும் சேர்த்து அளவாகப் பிடிப்பது. இத்தனையும் பழகும்போது, சட்டென்று காலை ஊன்ற முடியும் என்ற தைரியம் பெரிய விஷயம்.

ஆனால் பைக்கோடு இலவசமாக வரும் வழவழப்பான பிளாஸ்டிக் பெடலை நான் சிபாரிசு செய்யவில்லை. அகலமான, மேலே சிறு சிறு ஊசித் திருகுகள் உள்ள பெடல் வாங்குங்கள், ஷூவை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஓட்டப்பயிற்சிக்கான மெத்துமெத்தென்ற ஷூவும் வேண்டாம், அதன் அடிப்பாகம் பெடலின் மேல் மடிந்து நீண்ட தூரத்தில் பாதம் மரத்துப்போகும். தட்டையான, கொஞ்சம் விறைப்பான அடிப்பாகம் உள்ள ஷூ நல்லது. ஊசித் திருகுப் பெடலில் ஒரு குறை, தவறிப்போய் பெடல் முழங்காலுக்குக் கீழே முன்எலும்பில் பட்டால் தோல் உரிந்துவிடும்.

கால்விரல் பக்கம் கூண்டும் வாரும் உள்ள பழைய பாணி பெடலைத் தவிர்த்துவிடுங்கள். வாரை இறுக்கினால் கையால் தளர்த்தித்தான் காலை எடுக்க முடியும், தளர்வாக விட்டால் அது இருந்தும் பயனில்லை.

அடுத்தது எஸ்பிடி. 1990-ல் ஷிமானோ என்ற ஜப்பானிய சைக்கிள் பாக நிறுவனம் மலைச் சைக்கிளுக்காகக் கொண்டுவந்தது, ஆனால் ரோடு பைக்கிலும் தாராளமாகப் போடலாம். உலோக க்ளீட் சிறியது, ஷூவின் அடியில் குழிக்குள் இருப்பதால் சாதாரணமாக நடக்கலாம். பல மாடல்களில் பெடலின் இரண்டு பக்கமும் மாட்டலாம், ஆகவே கிளம்பும்போது குனிந்து பெடலைத் தேட வேண்டாம். முதலில் எஸ்எச்56 என்ற க்ளீட்டைப் போடுங்கள். எஸ்எச்51 குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால் மட்டுமே கழலும், 56 வேறு சில திசைகளில் இழுத்தாலும் விட்டுவிடும். ஸ்பிரிங்கின் இறுக்கத்தையும் ஆலன் கீயால் மிகக் குறைவாக வைத்துவிடுங்கள்.

மூன்று போல்ட் பெடல் பந்தயத்துக்காகவே பிறந்தது. லுக் நிறுவனம் 1984-ல் கொண்டுவந்தது, அடுத்த ஆண்டே பிரெஞ்சு வீரர் பெர்னார் ஹினோ அதை மாட்டிக்கொண்டு டூர் டி பிரான்ஸ் ஜெயித்தார். பாதத்துக்கு அகலமான தாங்கல் கிடைக்கும், நாள் முழுக்க ஓட்டுபவருக்கு அருமை. ஆனால் ஒரு பக்கம்தான் மாட்டும், இறங்கி நடந்தால் வாத்து நடைதான், நடக்க நடக்க பிளாஸ்டிக் க்ளீட் தேயும். ஷிமானோவில் சிவப்பு க்ளீட் பாதத்தைத் துளிகூட அசைய விடாது, நீலம் 2 டிகிரி, மஞ்சள் 6 டிகிரி அசைய விடும். முதல் தடவை மஞ்சளே போதும். கால் இயல்பாகத் திரும்ப இடமில்லாமல் இறுக்கி வைத்தால் முழங்கால் வலி வரும்.

கிளிப்லெஸ்ஸுக்கு மாறும் நாளில், சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு காலையும் யோசிக்காமல் வரும்வரை மாட்டிக் கழற்றுங்கள். அப்புறம் ஆளில்லாத மைதானம். சாலையில் விழுபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் விழுகிறார்கள்: பிரேக் பிடித்து, வண்டி முழுதாக நின்ற பிறகு காலை நேராக மேலே இழுக்கிறார்கள், வராது, அதற்குள் வண்டி சாய்ந்துவிடும். ஆகவே நிற்பதற்கு வெகு முன்பே, வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே, ஊன்றப்போகும் காலைக் கழற்றிவிடுங்கள். உடம்பையும் அந்தப் பக்கமே லேசாகச் சாயுங்கள், கழற்றிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தால் காப்பாற்ற எதுவும் இல்லை.

பெடல் மாற்றும்போது இடது பெடலின் மரை தலைகீழ் என்பதை மறக்காதீர்கள், இரண்டையுமே வண்டியின் முன்பக்கம் பார்த்துத் திருகினால் இறுகும். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். க்ளீட் போல்ட்டுகளுக்கு 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் இறுக்கம், முதல் சில சவாரிகளுக்குப் பிறகு மறுபடியும் சரிபார்க்க வேண்டும். எஸ்பிடியில் இரண்டில் ஒரு போல்ட் கழன்று விழுந்துவிட்டால் நீங்கள் குதிகாலைத் திருப்பும்போது க்ளீட் ஷூவோடு சேர்ந்து திரும்பாது, கால் பெடலிலேயே சிக்கிக்கொள்ளும். அப்படி ஆனால் ஓரமாக, அடுத்த காலை ஊன்றி நின்று, ஷூவிலிருந்து பாதத்தை உருவிக்கொள்ளுங்கள்.