பவர்பாயிண்டில் ஒரு ஜப்பான் ஆல்பம், சத்தத்தோடு

சிவகாசியில் டைரி, காலண்டர், கல்யாணப் பத்திரிகை என்று 22 வருஷமாக லேஅவுட் பார்க்கிறவன் நான். அதனால் ஊருக்குப் போய்வந்த படங்களை வைத்து ஒரு ஆல்பம் போடுவது நமக்கு ஒரு ராத்திரி வேலை என்று நினைத்தேன். மூன்று மாதம் ஆனது.

போன நவம்பரில் நானும் வீட்டுக்காரியும் யோகோஹாமாவில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய் 12 நாள் இருந்தோம். அம்மாவால் வர முடியவில்லை. முழங்கால் ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். போனில் படம் காட்டினால் "ம், நல்லாருக்குப்பா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். தெரியவில்லை என்று சொல்ல மாட்டார். ஆனால் காது மட்டும் கூர்மை. அடுத்த தெருவில் ஐஸ் வண்டி வந்தால் இங்கே உட்கார்ந்து சொல்லிவிடுவார். எனக்கு வேண்டியது படத்தோடு சத்தமும் இருக்கிற ஆல்பம்.

முதலில் போனில் ஒரு ஸ்க்ராப்புக் ஆப், அதாவது படம், குறிப்பு எல்லாம் ஒட்டிவைக்கிற ஆல்பம் செய்கிற ஆப். பெயர் வேண்டாம். ஒரு வருஷத்துக்குப் பணம் கட்டிய பிறகுதான் தமிழை அடித்துப் பார்த்தேன், என் புத்தி. 'கொக்கு' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம். பக்கம் வடிவமைக்க பேஜ்மேக்கர் மென்பொருள் வைத்திருந்த பழைய காலத்தில் எழுத்துரு மாற்றித் திறந்தால் வருமே, அதே கோலம். சத்தம் என்றால் ஆல்பம் முழுக்க ஓடுகிற ஒரே பின்னணி இசைதான். பக்கத்துக்குப் பக்கம் வேறு வைக்க வழியில்லை. இரண்டாவது ஆப்பில் தமிழ் ஒழுங்காக வந்தது, ஆனால் ஆல்பம் அவர்கள் சர்வரில்தான் இருக்கும், சந்தா நின்றால் கதவும் சாத்திவிடும். என் அம்மா பார்க்கிற ஆல்பத்துக்கு நான் வருஷா வருஷம் வாடகை கட்டவா?

கடைசியில் வந்து நின்ற இடம் பவர்பாயிண்ட். சிரிக்காதீர்கள். மீட்டிங்கில் கொட்டாவி விடவைக்கிற அதே பவர்பாயிண்ட்தான். தங்கச்சி கூட, "அண்ணே, அதுல புல்லட் பாயிண்ட் போட்டு அம்மாவுக்கு கிளாஸ் எடுக்கப்போறியா?" என்று கேட்டாள்.

ஸ்லைடை வெறும் தாள் என்று நினைத்துக்கொண்டால் அது ஸ்க்ராப்புக்தான். தயாராகக் கிடைக்கிற டெம்ப்ளேட் எதையும் தொடவில்லை. அச்சகத்தில் கிடந்த பழுப்பு கிராஃப்ட் பேப்பரை ஸ்கேன் செய்து பின்னணியாகப் போட்டேன். ஓரத்தில் மாஸ்கிங் டேப்பைக் கிழித்து ஒட்டி அதையும் ஸ்கேன் செய்துகொண்டேன். கடைகளில் விற்கிற ஸ்டிக்கர் பேக் எல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது.

இந்த ஆல்பத்துக்கு முதுகெலும்பு ஸ்டேஷன் ஸ்டாம்ப். ஜப்பானில் நிறைய ரயில் நிலையங்களில் ரப்பர் முத்திரையும் மை பேடும் டிக்கெட் கேட் பக்கத்தில் சும்மா வைத்திருப்பார்கள். காசு கிடையாது, நோட்டை நீட்டி நாமே அழுத்திக்கொள்ளலாம். சில இடத்தில் கவுண்டரில் கேட்டு வாங்கவேண்டும். 1931-இல் ஃபுகுய் நிலையத்தில் ஆரம்பித்த பழக்கமாம். ஊரின் கோயில், மலை, பூ என்று ஏதாவது ஒன்று வட்டத்துக்குள் இருக்கும். முதல் முத்திரையைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது தீப்பெட்டி லேபிள்தான். அந்தச் சின்ன இடத்துக்குள் அத்தனை கோடு. 12 நாளில் 17 முத்திரை சேர்த்தேன். கியோட்டோவில் பின்னால் வரிசை நிற்கிற பதற்றத்தில் சரியாக அழுத்தவில்லை, ஒரு ஓரம் பிடிக்கவே இல்லை. போட்டோஷாப்பில் ஐந்து நிமிஷத்தில் சரிசெய்துவிடலாம். செய்யவில்லை.

முத்திரையைத் தாளிலிருந்து பிரிப்பதுதான் முதல் வேலை. ஜன்னல் வெளிச்சத்தில் படமெடுத்து, போனிலேயே வெளிச்சம் கூட்டி, தாளை நல்ல வெள்ளையாக்கிக்கொள்ளுங்கள். பிறகு பவர்பாயிண்டில் 'செட் டிரான்ஸ்பரன்ட் கலர்' எடுத்து வெள்ளையில் ஒரு கிளிக். தாள் மறைந்து சிவப்பு மை மட்டும் கிராஃப்ட் பேப்பர்மேல் நிற்கும். இது ஒரே ஒரு நிறத்தைத்தான் எடுக்கும். தாள் மங்கலாக இருந்தால் ஓரமெல்லாம் அழுக்குபோல் தங்கிவிடும். அதனால்தான் வெளிச்சம் முதலில். அப்படிச் சுத்தம் செய்ததை ரைட் கிளிக் செய்து தனிப் படமாகச் சேமித்துக்கொண்டேன். காரணம் இருக்கிறது.

பவர்பாயிண்டில் ஒரு ஆடியோவைச் சேர்த்தால் சாம்பல் நிறத்தில் ஸ்பீக்கர் படம் ஒன்று வந்து உட்காரும். பார்க்க அசிங்கம். அதன்மேல் ரைட் கிளிக் செய்தால் 'சேஞ்ச் பிக்சர்' என்று இருக்கும். அங்கே முத்திரைப் படத்தைக் கொடுத்தேன். இப்போது முத்திரைதான் பொத்தான். தொட்டால் அந்த ஊர்ச் சத்தம் கேட்கும். இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் பவர்பாயிண்டுக்கு மார்க் போடுவேன். 'ட்ரிம் ஆடியோ'வில் முன்னும் பின்னும் வெட்டிவிட்டு, சத்தம் மெல்ல ஏறி மெல்ல இறங்க ஃபேட் அரை நொடி கொடுத்தால் போதும்.

சத்தம் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வாயை மூடிக்கொண்டிருங்கள். முதல் நான்கு நாள் நான் எடுத்ததில் எல்லாம் "ஏங்க, பையை எங்க வச்சீங்க?" என்பதுதான் கேட்கிறது. காமகுராவில் எனோடென் என்று ஒரு குட்டி ரயில், வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டு ஒற்றைத் தண்டவாளத்தில் போகும். கேட் மூடும்போது 'கன் கன் கன்' என்று மணி. அதை 40 நொடி அசையாமல் நின்று எடுத்தேன். அந்த ஊர் வெண்கல புத்தர் வயிற்றுக்குள் 50 யென் கொடுத்தால் நுழையலாம். 11 மீட்டர் உயர புத்தர், உள்ளே வெறும் கூடு. யாரோ ஒரு குழந்தை இருமியது சுற்றிச் சுற்றி வந்தது. அந்த இருமலும் ஆல்பத்தில் இருக்கிறது.

கியோட்டோவில் நிஜோ கோட்டை. 1603-இல் ஜப்பானை ஆண்ட தளபதி தோகுகாவா இயேயாசு கட்டியது. உள்ளே அரண்மனைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும், படம் எடுக்கக் கூடாது. மரத்தரையில் நடந்தால் காலுக்குக் கீழே குருவி கத்தும். தரைப்பலகைக்கு அடியில் இரும்புப் பட்டையும் ஆணியும் இருக்கின்றன. மிதிக்கும்போது இரண்டும் உரசுகிற சத்தம் அது. திருட்டுத்தனமாக யார் வந்தாலும் காட்டிக்கொடுக்கத்தான் அப்படி என்று ஒரு கதை சொல்வார்கள். ஒலிப்பதிவுக்குத் தடை என்று எழுதியது எதுவும் என் கண்ணில் படவில்லை. போனைச் சட்டைப்பையில் போட்டு ஓடவிட்டு நடந்தேன். மெதுவாக நடந்தால் ஒற்றைக் குருவி. பின்னால் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வந்தது, சாயங்காலம் ஆலமரத்தில் அடைகிற கூட்டம் மாதிரி ஆகிவிட்டது.

படமே இல்லாத இந்தப் பக்கத்தை எப்படி வடிவமைப்பது? இரண்டு ராத்திரி போனது. கோட்டையின் வெளிச்சுவர்ப் படத்தைப் போட்டேன், எடுத்தேன். கடைசியில் வெறும் பழுப்புத் தாள், கீழே அந்த அரைகுறை முத்திரை, ஒரு வரி: 'இங்கே படம் எடுக்க விடவில்லை.' 41 பக்கத்தில் என் தொழிலுக்கு நானே மெச்சிக்கொள்ளும் பக்கம் அது ஒன்றுதான்.

தேதி வரிசை ஒரு கூத்து. என் போன் தானாகவே ஜப்பான் நேரத்துக்கு மாறிவிட்டது. கழுத்தில் தொங்கிய கேமரா மாறவில்லை, நான் மாற்றவில்லை. மூன்றரை மணி நேர வித்தியாசம். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி நேரப்படி அடுக்கினால், நாராவில் மதியம் பிஸ்கட்டுக்குத் தலைகுனிந்து கும்பிடுகிற மான், காலையில் ரயில் ஏறுவதற்கு முன்பே வந்து நிற்கிறது. கையால்தான் பிரித்தேன். வாட்ஸப்பில் வந்த படங்களில் எடுத்த நேரமே இருக்காது, தரமும் குறைந்திருக்கும். தங்கச்சியை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லி இரண்டாம் முறை வாங்கினேன்.

எழுத்துருவுக்கு வருகிறேன், இது என் தொழில். தலைப்புக்கு நோட்டோ செரிஃப் தமிழ், கையெழுத்து மாதிரி வரவேண்டிய இடத்தில் கவிவாணர். இரண்டும் இலவசம். ஆனால் சேமிக்கும்போது ஆப்ஷன்ஸில் 'எம்பெட் ஃபான்ட்ஸ்' டிக் செய்ய மறந்தால், அடுத்தவர் கம்ப்யூட்டரில் உங்கள் கையெழுத்தெல்லாம் வேறு எழுத்துருவுக்கு மாறி வரிகள் கீழே வழியும். பத்திரிகை அடிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல.

வீடியோவில் நான் செய்த தப்பையும் சொல்கிறேன். ஃபைல் பெருக்கிறதே என்று சில வீடியோவை 'லிங்க்' மட்டும் கொடுத்திருந்தேன். பென்டிரைவில் ஆல்பத்தை மட்டும் தூக்கிக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனால் அத்தனையும் கறுப்புக் கட்டம். வீடியோவை உள்ளேயே சேர்த்துவிடுங்கள். எல்லாம் முடிந்தபின் 'கம்ப்ரெஸ் மீடியா' கொடுங்கள். 1.9 ஜிபி இருந்தது 260 எம்பிக்கு வந்தது. டிவியில் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை, உங்களுக்கும் தெரியாது.

அம்மா மவுஸ் பிடிக்க மாட்டார். அதனால் எக்ஸ்போர்ட்டில் வீடியோவாகவும் மாற்றினேன். வீடியோவில் முத்திரையைத் தொட முடியாது. அதற்காக எல்லாச் சத்தத்தையும் 'ஆட்டோமேடிக்' என்று மாற்றி, ஒவ்வொரு பக்கமும் சத்தம் முடிகிறவரை நிற்கும்படி நேரம் கொடுத்து, தனிப் பிரதியாக வைத்தேன். இது சலிப்பான வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. பி.டி.எஃப் ஆக்கினால் சத்தம் போய்விடும், அந்தப் பக்கமே போகாதீர்கள். போனிலேயே எல்லாம் முடியவேண்டும் என்கிறவர்களுக்கும் இது ஒத்துவராது. பெரிய திரையும் மவுஸும் வேண்டும். ஒரு பிரதி அச்சடித்து, பக்க மூலையில் க்யூஆர் கோடு வைத்து, போனைக் காட்டினால் சத்தம் கேட்கிற மாதிரி செய்யலாமா என்று ஒரு ஆசை இருக்கிறது. சீசன் முடியட்டும்.

பொங்கல் கழித்து ஒரு மதியம் டிவியில் பென்டிரைவைச் சொருகினேன். புத்தர் பக்கத்தில் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நிஜோ வந்ததும் நிமிர்ந்து, "என்னப்பா இது, வீட்டுக்குள்ள குருவி கூடு கட்டியிருக்கா?" என்றார். தரை என்று சொன்னேன். நம்பவில்லை, திரும்பப் போடச் சொன்னார்.

22-ஆம் பக்கம் தங்கச்சி வீட்டு அடுப்படி. அதை நான் சும்மா, பக்கம் நிரப்பத்தான் வைத்தேன். சோறு வெந்ததும் குக்கர் ஒரு மெட்டு வாசிக்கும். குளிக்கிற தொட்டியில் வெந்நீர் தயார் என்று சுவரிலிருந்து ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் அறிவிக்கும். நடுவில் தங்கச்சி, "அண்ணே, ரசத்துக்குப் புளி இவ்வளவு போதுமா?" என்று கேட்பது விழுந்திருக்கிறது. வெட்டியிருக்க வேண்டிய இடம்.

"யாரு அந்தப் பொம்பள, இவ வீட்டுல?" என்றார் அம்மா. மெஷின் என்றேன்.

"புளி ஜாஸ்தி போடுவா. நீ சொல்லலியா?"

வீடியோவில் அது 14 நிமிஷம் 10 நொடியில் வருகிறது. ரிமோட்டில் எந்தப் பொத்தானை எத்தனை தடவை அழுத்தினால் அங்கே போய் நிற்கும் என்று அம்மாவுக்கு இப்போது கை பழகிவிட்டது.