செவன்ஸ் டோர்னமென்ட்: பழம்பொரிக்கு 5, ஃபைனலுக்கு 2

தூத்தூர் பக்கம் எட்டு அணி மோதிய செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து), டிக்கெட் ஐம்பது ரூபாய். விளக்கு வெளிச்சம் நல்லா இருந்தது, கட்டன் சாயாவும் சூடான பழம்பொரியும் அதைவிட நல்லா இருந்தது. ஆனால் கடலோர அணிகள் ஒரு பிரிவு, மலையோர அணிகள் இன்னொரு பிரிவு என்று பிரித்தது யார் யோசனையோ, பலமான நாலும் ஒரே பக்கம் போய், நிஜமான ஃபைனல் செவ்வாய்க்கிழமையே முடிந்துவிட்டது. ஞாயிறு 5-0, பாதியிலேயே ஆட்கள் பைக்கை எடுத்துவிட்டார்கள்.

அமெரிக்க காலேஜ் ஃபுட்பாலிலும் (அது கையில் தூக்கிக்கொண்டு ஓடும் பந்து, வேறு கதை) இதே கூத்துதான். கிழக்கு, மேற்கு என்று பிரித்திருந்த பிக் டென் என்ற லீக்கில் 2014 முதல் 2023 வரை பத்து ஃபைனலிலும் கிழக்குப் பிரிவு அணிக்கே வெற்றி, கடைசியில் மிச்சிகன் அயோவாவை 26-0 என்று அடித்தது. 2024இல் பிரிவையே எடுத்துவிட்டு, மொத்தப் பட்டியலில் முதல் இரண்டு அணிக்கு ஃபைனல் என்றார்கள். அதிலும் வம்பு உண்டு, அதே வருஷம் பிக் 12 என்ற இன்னொரு லீக்கில் நாலு அணி ஏழு வெற்றி, இரண்டு தோல்வி என்று சமமாக நின்றன.

இங்கே எல்லாரும் எல்லாரோடும் ஆடினால் 28 ஆட்டம், கட்டுப்படியாகாது. சரி, போன வருஷ முதல் நாலு அணியைப் பிரிவுக்கு இரண்டாகப் போட்டுவிட்டு மீதிக்குச் சீட்டுக் குலுக்கலாமே அண்ணாச்சி?